அட்ஜஸ்ட் என்ற சொல்லும் அத்தையின் அறையும்

அத்தையின் அறைக் கதவு முழுதாகத் திறந்து நான் பார்த்ததில்லை. பாதிவரை வரும், அதற்குமேல் உள்ளே எதன்மீதோ இடித்து நின்றுவிடும். அத்தை முதலில் ஒரு தோளை உள்ளே விடுவார். பிறகு கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைவார். திரையரங்கில் படம் தொடங்கியபிறகு இருக்கை தேடி வருகிறவர்கள் நுழைவது போல, மன்னிப்புக் கேட்கிற ஒரு நுழைவு. சொந்த அறைக்குள் நுழைய எதற்கு மன்னிப்பு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

கதவுக்குப் பின்னால் இடிப்பது ஒரு சைக்கிள். எங்கேயும் போகாத சைக்கிள். நின்ற இடத்திலேயே மிதிப்பதற்கென்று செய்தது. அப்பாவின் தொப்பையைக் கரைக்க வீட்டுக்கு வந்தது. ஒரு வாரம் அப்பா மிதித்தார். அடுத்த வாரம் அதன் கைப்பிடியில் ஈரத்துண்டு காய்ந்தது. டிவியை மறைக்கிறது என்று அம்மா சொன்னதும், அதைத் தூக்கிக்கொண்டு போய் அத்தையின் அறையில் வைத்துவிட்டு அப்பா சொன்னார்:

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ பாப்பா. ரெண்டு நாள்தான்."

பாப்பாவுக்கு அப்போதே நாற்பது தாண்டிவிட்டது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. இந்த வீட்டு வாடகையில் பாதி அவருடையது. அறை மட்டும் எல்லோருடையதும். அம்மாவின் ஊசி உடைந்த தையல் எந்திரம், யாருடையவை என்று யாருக்கும் தெரியாத இரண்டு சூட்கேஸ்கள், ஒரு மின்விசிறியின் மூன்று இறக்கைகள் (மின்விசிறி என்னவானது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்), வீட்டின் சுத்தியல் ஸ்பேனர் எல்லாம் கிடக்கும் தகரப்பெட்டி. அப்புறம் என் புத்தகப் பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றும் அந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தது.

அந்தச் சொல்லுக்கு நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து செய்திருக்கும் காரியத்தை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம். பேருந்தில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் நான்காவதாக ஒருவர் வந்து, முக்கால் உடம்பைக் காற்றில் வைத்துக்கொண்டு அதைச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச்சொல்லும் மேலாளர் அதைச் சொல்வார். தைத்த சட்டை கழுத்தை நெரித்தால் தையல்காரர் சட்டையைத் தொடமாட்டார். உங்களைப் பார்த்து அதைச் சொல்வார். இடம் கொடு, பொறுத்துக்கொள், சில்லறை இல்லை, நாளைக்கு வா, தப்பு எங்களுடையதுதான் ஆனால் சத்தம் போடாதே. இத்தனைக்கும் ஒரே சொல். முன்னால் ஒரு 'கொஞ்சம்' இல்லாமல் அது யார் வீட்டு வாசலுக்கும் வராது. வாசலில் செருப்பைப் போல அந்தக் 'கொஞ்சத்தை'க் கழற்றிவிட்டு, முழுசாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதில் கொடுமை என்னவென்றால், அத்தையின் தொழிலே அதுதான்.

கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் கண்ணாடி அலமாரிகள், நடுவில் கண் பரிசோதிக்கும் இருட்டு அறை, அதையும் தாண்டிப் பின்பக்கம் அத்தையின் மேஜை. அதன்மேல் ஒரு சிறு குறடு, நகத்தைவிடச் சின்னத் திருகாணிகள் கிடக்கும் கிண்ணம், பிளாஸ்டிக் சட்டங்களை இளக்கும் சூட்டுப்பெட்டி, ஒரு தட்டையான கண்ணாடிப் பலகை. புதுக் கண்ணாடி வாங்கியவர்களும், பழைய கண்ணாடியின்மேல் உட்கார்ந்தவர்களும் அங்கேதான் வரவேண்டும். கடையில் அவருக்குக் காதக்கா என்று பெயர். யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பார்ப்பார்.

என் கண்ணாடியின் ஒரு கை தளர்ந்துவிட்டதென்று ஒருநாள் அங்கே போய் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரிய உடம்புக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம்தாம்மா வாங்கினேன். கோணலா நிக்குது. பீஸே கோணல். எனக்குன்னு பொறுக்கி எடுத்துக் குடுத்திருக்கீங்க."

அத்தை அதை வாங்கிக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து வைத்தார். ஆடவில்லை.

"ஃபிரேம் நேராத்தாங்க இருக்கு."

"அப்ப என் மூஞ்சிதான் கோணல்ங்கிறீங்க!"

"எல்லார் மூஞ்சியும் கோணல்தாங்க. ஒரு காது மேல இருக்கும், ஒரு காது கீழ இருக்கும். போஸ்டர்ல சிரிக்கிற ஹீரோவுக்கும் அப்படித்தான். அவருக்குப் போட்டோக்காரர் பாத்துக்கறார். உங்களுக்கு நான் பாத்துக்கறேன்."

கொதிப்பு அடங்கி அவர் சிரித்துவிட்டார். "சரிம்மா. நான்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்போல."

"நீங்க எதுக்குப் பண்ணிக்கணும்? காதைக் கழட்டிக் கீழ வைக்க முடியுமா? கண்ணாடிதான் உங்களுக்காக வளையணும். உக்காருங்க."

அவரை நேர் எதிரே உட்காரவைத்தார். போட்டுப் பார்த்தார், கழற்றினார், சூட்டில் காட்டி ஒரு நூல் அளவு வளைத்தார், மறுபடி போட்டார். குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். ஆளில்லாமல் கண்ணாடியை மட்டும் கொடுத்தனுப்பினால் அத்தை தொடமாட்டார். போட்டுக்கொள்ளப்போகிற ஆள் எதிரே இருக்கவேண்டும். அது அவருடைய பழக்கம். முதலாளி எத்தனையோ தடவை கடிந்துகொண்டும் மாறவில்லை. என் முறை வந்ததும் அந்தத் தளர்ந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதே இடத்துல எத்தனை தடவைடா வளைச்சிருக்க? இனிமே வளைச்சா ஒடிஞ்சிடும். இதெல்லாம் சொல்லிட்டு ஒடியாது."

அட்ஜஸ்ட் என்கிற இந்த ஒரு சொல்லால்தான் அவருக்குக் கல்யாணமும் நடக்காமல் போனது என்று அம்மா சொல்வார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு எல்லாம் பிடித்துப்போய், கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா சொன்னாராம், "எங்க வீட்டுல ஆளுங்க ஜாஸ்தி. பொண்ணு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்." அத்தை உள்ளேயிருந்து கேட்டாராம், "எவ்வளவு?" கிண்டலாக இல்லை, கடையில் ஒருவரிடம் கேட்பதைப்போல, அளவு தெரிந்துகொள்ளத்தான். அவர்கள் அப்படியே எழுந்து போய்விட்டார்கள். அம்மா இதை அத்தையின் திமிருக்குச் சாட்சியாகச் சொல்வார். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. இன்றுவரை அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், பெரிய மாமாவிடமிருந்து போன் வந்தது. பெரிய மாமா அம்மாவின் அண்ணன். அவர் போன் செய்தால் அப்பா எழுந்து நின்றுதான் பேசுவார். எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரியாது என்று நாங்கள் எத்தனை சொன்னாலும் அப்பாவின் முழங்கால் கேட்பதில்லை. அன்றும் நின்றார். "சரி மச்சான்... அதுக்கென்ன மச்சான்... தாராளமா மச்சான்" என்று மூன்று படிகளில் காரியத்தை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மாமா வீடு மாறுகிறார். புது வீடு சின்னது. அவருடைய மரப்பீரோ, ஆளுயரக் கண்ணாடி வைத்தது, அங்கே நுழையாது.

"ரெண்டே மாசம்தான் பாப்பா. பெரிய வீடு பாத்ததும் எடுத்துக்குவார். உன் அறையில அந்தச் சுவரோரமா..."

"முடியாதுண்ணா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோர் கையும் பாதியில் நின்றது. அந்த வார்த்தை அத்தையின் வாயிலிருந்து வந்து எங்களுக்குப் பழக்கமில்லை.

"என்னது?" என்றார் அப்பா.

"முடியாதுன்னேன்."

"உன் அறைதானே பெருசு?"

"எது பெருசு? நான் காலை நீட்டினா சைக்கிள் பெடல்ல இடிக்குது. தூக்கத்துல மிதிச்சிட்டிருக்கேன். உங்க தொப்பைய நான் கரைக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"அது வேற, இது வேற பாப்பா" என்றார் அம்மா. "எங்க அண்ணன் வாயைத் திறந்து ஒண்ணு கேக்கறதே அபூர்வம்."

"அண்ணி, உங்க அண்ணன் கேட்டது எங்க அண்ணன்கிட்ட. அண்ணன் குடுத்தது என் அறையை. நடுவுல என்னை யாராவது கேட்டீங்களா? வாடகைல பாதி நானும்தானே குடுக்கறேன்."

"இப்ப யாரு கணக்குப் பேசினாங்க?"

"யாரும் பேசலையேன்னுதான் நான் பேசறேன்."

அப்பா சமாதானக் குரலுக்கு மாறினார். அந்தக் குரல் வந்தாலே அடுத்து என்ன வரும் என்று வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். "சரி விடு. கோவப்படாத. கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கழுவி வைத்தார். அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தப் பார்த்தார். பாதி திறக்கும் கதவை அறைந்து சாத்த முடியாது. அதற்கு வேண்டிய வீச்சு கிடைக்காது. மெத்தென்று ஒரு சத்தம்தான் வந்தது.

சற்று நேரத்தில் கதவிடுக்கில் அத்தையின் முகம் தெரிந்தது.

"டேய், இங்க வா. உன்கிட்டத் தடியா ஒரு அகராதி இருக்குமே. அந்த வார்த்தைக்கு இங்கிலீஷ்காரன் என்னதான் அர்த்தம் வச்சிருக்கான்னு பாரு."

அகராதி அத்தையின் அறையில்தான் இருந்தது. என் பெட்டியில், சூட்கேஸ்களுக்கு அடியில். இருவரும் உள்ளே நிற்க இடமில்லாததால் அத்தை கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் சைக்கிள் இருக்கையில் ஏறி உட்கார்ந்து புரட்டினேன்.

"ஒரு பொருளைச் சரியாப் பொருந்தற மாதிரி லேசா மாத்தறது."

"அது நான் கடையில பண்றது. சரி. அப்புறம்?"

"புது நிலைமைக்குத் தன்னைப் பழக்கிக்கறது."

"யாரு பழக்கிக்கணும்னு போட்டிருக்கா?"

"இல்லத்தை. அதெல்லாம் போடல. அப்புறம், காப்பீட்டுல நஷ்டஈடு எவ்வளவுன்னு முடிவு பண்றது."

"பாத்தியா! அங்கல்லாம் நஷ்டம்னு ஒத்துக்கிட்டு ஈடும் குடுக்கறாங்க. வாயை மூடிட்டு இருன்னு ஒரு அர்த்தம் இருக்கா?"

"இல்ல."

"நல்லாத் தேடு."

"இல்லத்தை."

"அது நாமளாச் சேத்ததுதானா?" பெருமூச்சு விட்டார். பிறகு, கடையில் ஒரு கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்புவதைப்போல, சொல்லையே திருப்பினார். "கோர்ட்டுல ஜஸ்டிஸ்னு சொல்றாங்களே, அந்த ஜஸ்ட்தானே இதுக்குள்ள இருக்கு? அதுல கொஞ்சம் நியாயம் இருக்கும்னுதான் நான் இத்தனை வருஷமாப் பொறுத்துக்கிட்டேன்."

சொல் பிறந்த கதை அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அகராதியைக் கிட்டத்தில் வைத்துப் படித்தேன். எனக்குச் சொல்லவே மனம் வரவில்லை.

"இல்லத்தை. லத்தீன்ல யுக்ஸ்தான்னு ஒரு சொல். பக்கத்துலன்னு அர்த்தம். அதுலேர்ந்து, பக்கத்துல கொண்டுவந்து வைக்கறதுன்னு ஒரு சொல் வந்திருக்கு. அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போயிருக்கு. நியாயமானதுக்கு லத்தீன்ல யூஸ்துஸ்னு வேற ஒரு சொல். ரெண்டும் கேக்க ஒரே மாதிரி இருந்ததால ஜனங்க முடிச்சுப் போட்டுட்டாங்க."

"அப்ப நியாயம் அதுல இல்லவே இல்ல."

"பொறக்கறப்ப இல்ல. பின்னாடி ஒட்டவச்சது."

"பக்கத்துல கொண்டுவந்து வைக்கறது." அத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தையல் எந்திரத்தைப் பார்த்தார். சூட்கேஸ்களை, மின்விசிறி இறக்கைகளை, சைக்கிளில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "அப்ப உங்கப்பா சரியாத்தான்டா பண்ணியிருக்கார். எல்லாத்தையும் என் பக்கத்துல கொண்டுவந்து வச்சுட்டார்."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அத்தையின் முகம் சட்டென்று களைத்துப்போனது. "அந்தப் பீரோ மட்டும் உள்ள வந்துச்சுன்னா நான் இங்க இருக்கமாட்டேன். கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் வாடகைக்கு இருக்கு. ஒண்டிக்கட்டைக்கு அது போதும். மிரட்டறேன்னு நெனச்சுக்காத. இனிமே வளைஞ்சா ஒடிஞ்சிடுவேன்டா."

நான் இதை அப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டிருக்கும்போதே விடிந்துவிட்டது.

சனிக்கிழமை கடையில் கூட்டம். அத்தை சீக்கிரமே போய்விட்டார். அவர் தெருமுனை தாண்டியிருப்பாரோ இல்லையோ, மாமா அனுப்பிய வண்டி வாசலில் வந்து நின்றது. நான் "அத்தை வரட்டுமேப்பா" என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

"வந்து பாத்தா அவளுக்கே பிடிச்சிடும். கண்ணாடி வச்ச பீரோடா. சைக்கிளைப் பிடி."

சைக்கிளை ஹாலுக்கு இழுத்தேன். கட்டிலைச் செங்குத்தாக நிமிர்த்திச் சுவரில் சாய்த்தோம். பீரோவைத் தூக்கி வந்தவர்கள் வியர்த்து, திட்டி, ஒருவழியாகக் கதவுக்கு எதிர்ச்சுவரில் அதைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா அறையின் நடுவில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தார்.

"நீ வெளிய நில்லு. கதவைச் சாத்தினாத்தான் கட்டிலை இறக்க முடியும். அழகா உக்காந்துடும் பாரு."

கதவு மூடியது. இரும்பு உரசும் சத்தம். முக்கல். டங் என்று ஒன்று விழுந்தது. பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை.

"டேய்."

"என்னப்பா?"

"கதவைத் தள்ளு."

தள்ளினேன். மயிரிழைகூட அசையவில்லை. அழகாகத்தான் உட்கார்ந்திருந்தது. கட்டிலின் ஒரு முனை கதவில், மறு முனை பீரோவில், பீரோவின் முதுகு சுவரில். நடுவில் காகிதம் நுழைய இடமில்லை. முனையைத் தூக்கலாமென்றால், பீரோவின் அடி இழுப்பறைக் கைப்பிடி கட்டில் சட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு அதை அமுக்கியது.

சந்துப் பக்கம் ஓடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தார். பீரோவின் கண்ணாடிக்குள் இன்னொரு அப்பா நின்றார். இருவரும் என்னைக் குற்றம் சாட்டுவதுபோலப் பார்த்தார்கள். ஜன்னலில் கம்பி. அதன் வழியாக வெளியே வரக்கூடியது அப்பாவின் கை மட்டும்தான். அது வெளியே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி உள்ளே போனது.

"கட்டில் போல்ட்டைக் கழட்டினாப் போதும். தகரப்பெட்டியில ஸ்பேனர் இருக்கும். எங்கடா அந்தப் பெட்டி?"

"உங்க பக்கத்துலதான்ப்பா, எங்கயோ."

தேடுவதற்கு அவர் குனியவேண்டும். குனிய இடம் வேண்டும். அம்மா வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று, "அந்த மூலையில பாருங்க, இந்த மூலையில பாருங்க" என்று மூலை மூலையாகச் சொன்னார். எல்லா மூலையிலும் ஒரு சூட்கேஸ் இருந்தது. பக்கத்து வீடுகளில் ஸ்பேனர் கேட்கலாம் என்றேன். "ஊரைக் கூட்டாத!" என்று உள்ளேயிருந்து உறுமல் வந்தது. அம்மா கம்பி வழியாக டீ கொடுத்தார். அதைக் குடித்ததால் பின்னால் வேறொரு அவசரமும் சேர்ந்துகொண்டது.

வெயில் தாழ்ந்ததும் அத்தை வந்தார். ஹாலில் சைக்கிளைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். அம்மா எழுந்து, "பாப்பா, கோவப்படாத, அவரு உள்ள..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் நிறுத்தினார். அத்தை சந்துப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன். இதோ ஒடியப்போகிறது என்று நினைத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே நின்று, கடையில் ஒரு காதைப் பார்ப்பதைப்போல, உள்ளே நிதானமாகப் பார்த்தார்.

"என்னண்ணா, சௌக்கியமா?"

"பாப்பா! வந்துட்டியா! ஸ்பேனர் பெட்டி எங்க வச்ச?"

"நான் எங்க வச்சேன்? நீங்கதான் வச்சீங்க. நான் அதோட குடித்தனம் நடத்தறேன்."

"எங்கன்னு சொல்லும்மா. கால் மரத்துப்போச்சு. அவசரமா வேற வருது."

"கொஞ்சம் பொறுங்கண்ணா. ரெண்டே மாசம்தானே."

கண்ணாடிக்குள் இருந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தை உள்ளே போனார். ஹாலில் இருந்த அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு வந்தார். பெரிய மாமாவின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, கம்பி வழியாக நீட்டினார். "பெட்டி எங்கன்னு சொல்றேன். முதல்ல உங்க மச்சான்கிட்டப் பேசுங்க. நான் பேசினா மரியாதையா இருக்காது."

"வேணாம் பாப்பா, அவரு தப்பா..."

போன் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டது. "மாப்ள! வந்து சேந்துச்சா? கண்ணாடி உடையலையே?"

"உடையல மச்சான். வந்து... இங்க இடம்தான்..."

"அட, எவ்வளவு பெரிய வீடு! உங்க தங்கச்சி தனி ஆள்தானே? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க மாப்ள."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. எதிரே ஒருவரை உட்காரவைத்து, கண்ணாடியைப் போட்டுவிட்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கும் முகம். அப்பா பீரோவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், காலடியில் மின்விசிறி இறக்கைகளைப் பார்த்தார். அந்த அறையை அவர் இவ்வளவு நேரம் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

"எங்க மச்சான் பண்றது?" குரல் பிளந்து வந்தது. "எங்கன்னு நீங்களே சொல்லுங்க! நான் அந்த அறைக்குள்ளதான் நிக்கறேன். மூச்சை உள்ள இழுத்துட்டேன், வெளிய விட இடமில்ல! இதுல ஒரு மனுஷி இத்தனை வருஷமாப் படுத்து எழுந்திருக்கா!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

எதிர்முனையில் குரல் இறங்கியது. "மாப்ள... கோவமா?"

"கோவப்படக்கூட இடமில்ல மச்சான். நாளைக்கு ஆள் அனுப்பி எடுத்துக்குங்க."

அப்பா போனைக் கம்பி வழியாகத் திருப்பிக் கொடுத்தார். அத்தை அதை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலோடு ஒட்டி நின்றார்.

"இடது பக்கம் திரும்புங்கண்ணா. அந்தப் பச்சை சூட்கேஸைக் கட்டில்மேல தூக்கி வைங்க. அதுக்குப் பின்னாடி தையல் மெஷினோட மிதிகட்டை இருக்கும். அதுக்கு அடியில கையை விடுங்க. இன்னும் கீழ. கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"வலப்பக்க போல்ட்டுதான் முதல்ல. துரு இருக்கும், பாத்து."

அப்பா வெளியே வந்தபோது சட்டையெல்லாம் துரு. யாரையும் பார்க்காமல் கழிவறைக்கு ஓடினார். திரும்பி வந்து தண்ணீர் கேட்டார். அத்தை கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குச் சொற்கள் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு சொல்லை வைத்துத்தான் இத்தனை காலம் ஓட்டிவிட்டாரே. கடைசியில், "அந்த சைக்கிளு..." என்றார்.

"ஹாலுக்கு வந்தாச்சு. அங்கயே இருக்கட்டும்" என்றார் அத்தை.

மறுநாள் பீரோ போனது. எடுத்துப்போக மாமா வரவில்லை, ஆட்கள் மட்டும் வந்தார்கள். அம்மா அவர்களோடும் பேசவில்லை, எங்களோடும் பேசவில்லை. பீரோ போன கையோடு அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தார். என் பெட்டிகள் இரண்டையும் அவர் தொடுவதற்கு முன்னால் நானே தூக்கிக்கொண்டேன். தையல் எந்திரம் வந்தது. சூட்கேஸ்கள் வந்தன, திறந்து பார்த்தால் இரண்டிலும் சூட்கேஸ் உறைகள் மட்டும் இருந்தன. ஹாலில் நடப்பதற்குப் பாதை ஒன்றுதான் மிஞ்சியது. அதில் அம்மா பக்கவாட்டில் திரும்பி நடந்துவந்து, முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"இதையெல்லாம் ஹால்ல எங்க வைக்கறதாம்?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அந்தச் சொல்லைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு வாழ்க்கையில் கிடைக்கப்போவதில்லை. அப்பாகூட அதை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"யோசிங்க அண்ணி" என்றார் அத்தை. "நானும் வந்து தூக்கறேன். ஆனா அந்த அறைக்குள்ள இல்ல."

உள்ளே போனார். கட்டில் இன்னும் பூட்டப்படவில்லை. மெத்தையைத் தரையில், அறையின் நடுவில், குறுக்காக விரித்திருந்தார். கதவைப் பிடித்து இழுத்தார். அது பாதி வந்தது. பாதியைத் தாண்டியது. கீல் முனகியது. போய், சுவரில் கைப்பிடி டக்கென்று இடித்து நின்றது. இத்தனை காலம் சைக்கிள் மறைத்திருந்த சுவர், வெள்ளையடித்த புதிதில் இருந்ததைப்போல அப்படியே இருந்தது.

அத்தை கதவைச் சாத்தினார். மறுபடியும் திறந்தார், டக்.